சாவி போட்டால் வரும் 'உய்ங்' சத்தம்: பெட்ரோல் பம்ப் படுத்துக்கொண்ட அனுபவங்கள்

சேலத்துக்காரன்

மே மாத மதியம், சேலத்திலிருந்து ஓசூர் போகும் வழி, தொப்பூர் கணவாய் ஏற்றம். வண்டி நிறைய ஆட்கள், ஏசி ஓடுகிறது. மூன்றாவது கியரில் மிதித்தால் இழுக்கவில்லை, விக்கி விக்கிப் போய் ஓரத்தில் நின்றுவிட்டது. செல்ஃப் நன்றாக அடிக்கிறது, பற்ற மாட்டேன் என்கிறது. சாவியை ஆன் செய்ததும் பின்சீட்டுக்கு அடியில், டேங்குக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பிலிருந்து இரண்டு விநாடி 'உய்ங்' என்று வருமே, அது வரவே இல்லை.

மச்சினன் இறங்கினான். ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் வண்டியே ஆடுகிறது. அவன் பாட்டுக்குக் குனிந்து, காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி, டேங்கின் அடியில் படார் படார் என்று தட்டினான். "இப்ப சாவி போடுங்க மாமா." உய்ங். ஒரே செல்ஃபில் பிடித்துக்கொண்டது. தர்மபுரி வரை யாரும் வாய் திறக்கவில்லை.

அப்புறம் பம்ப் அசெம்ப்ளியை முழுதாக மாற்றியாயிற்று, வண்டியும் நன்றாக ஓடுகிறது. ஆனால் கழற்றிய பழைய பம்பை மெக்கானிக் பாட்டரி வயரில் தொட்டுக் காட்டினார், அது ஜம்மென்று ஓடியது. "ஓடுகிற பம்பை ஏன் மாற்றினீர்கள்?" என்று கேட்டால், "சூடானா நிக்கும் சார்" என்று போய்விட்டார். அந்தப் பதில் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

கருப்பு ஸ்பேனர்

பம்பே இல்லை நண்பரே. சூட்டில் நின்று, ஆறினால் ஓடினால் அது கிராங்க் சென்சார், இன்ஜின் சுற்றுவதைக் கண்டுசொல்லும் சமாச்சாரம். செருப்படிக்குள் இன்ஜின் கொஞ்சம் ஆறியிருக்கும், அவ்வளவுதான்.

எனக்கு உளுந்தூர்பேட்டை டோலுக்கு முன்னால் இதே கதை. இழுத்துக்கொண்டு போன இடத்தில் பானட்டைத் திறக்காமலேயே "பம்ப் போச்சு" என்றார்கள். செல்ஃப் அடிக்கும்போது, இன்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைப் பார்த்தேன். துளிகூட அசையவில்லை. இன்ஜின் சுற்றுகிறது என்கிற சிக்னல் வராவிட்டால் இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியு பம்புக்குக் கரன்ட் கொடுக்காது. விபத்தில் பெட்ரோல் கொட்டாமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பம்ப் சும்மா இருப்பதைப் பார்த்துவிட்டு அதன் தலையிலேயே பழியைப் போடுவது நம் ஊர் வழக்கம். சென்சாரை மாற்றியதும் வண்டி ஓடியது, பம்ப் இன்றுவரை பழையதுதான்.

ஓலா இல்லாத டாக்ஸி

ஸ்பேனர் அண்ணே, சாவி போட்டதுமே வரும் இரண்டு விநாடி சத்தத்துக்கு கிராங்க் சிக்னல் தேவையில்லையே? அவருக்கு அதுவே வரவில்லை என்கிறார். அப்படியானால் பம்ப், அதற்குக் கரன்ட் விடும் சுவிட்சான ரிலே, ஃப்யூஸ், வயர், இந்த வழியில்தான் தேட வேண்டும்.

என் வண்டி சிஎன்ஜி. பெட்ரோலில் ஸ்டார்ட் ஆகி, சூடானதும் கேஸுக்கு மாறும். நாள் முழுக்க கேஸில் ஓடுவதால் பெட்ரோல் டேங்க்கை யார் கண்டுகொள்கிறார்கள்? முள் எப்போதும் தரையில். ஒருநாள் விடியற்காலை ஏர்போர்ட் சவாரி. கஸ்டமர் பெட்டியோடு வாசலில் நிற்கிறார், வண்டி இருமிக்கொண்டே இருக்கிறது. நீளமாகச் செல்ஃப் அடித்தால் ஒரு நிமிடம் ஓடி நிற்கிறது. அவர் வாட்சைப் பார்த்த பார்வை இருக்கிறதே! எப்படியோ கேஸுக்கு மாறியது, மாறிய பிறகு மீனம்பாக்கம் வரை ஒரு குறையும் இல்லை. கேஸில் பறக்கிறது, பெட்ரோலில் படுக்கிறது என்றால் அதற்கு மேல் என்ன டயக்னோசிஸ் வேண்டும்? பெட்ரோலில் முழுகி இருந்தால்தான் பம்ப் மோட்டாருக்குக் குளிர்ச்சி. அதைக் காயப் போட்டே கொன்றிருக்கிறேன் என்று மெக்கானிக் திட்டினார்.

மல்டிமீட்டர் மாமா

மூன்று பேருமே அளந்து பார்க்காமல் பேசுகிறீர்கள். என் கதை சின்னது. எங்கள் வீட்டு வண்டிக்குப் புது பம்ப் போட்டும் அதே விக்கல். கடைசியில் பம்பின் தலையில் இருக்கும் கனெக்டரில் எர்த் பின் கருகி, பிளாஸ்டிக் உருகியிருந்தது. அதை விரலால் தொட்டதும் உதிர்ந்தது.

இனி யாரும் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். முதலில் ஃப்யூஸ். அடுத்து ரிலே: ஃப்யூஸ் பாக்ஸில் ஹார்னுக்கோ ஏசிக்கோ அதே நம்பர் ரிலே இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள், காசு செலவில்லை. அப்புறம் கரன்ட். வெறும் மீட்டரை வைத்து "12 வோல்ட் வருது" என்பவரை நம்பாதீர்கள். வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் மீட்டர் 12 காட்டும். பம்ப் இழுப்பது சாதாரணமாக 4 முதல் 7 ஆம்பியர். 55 வாட் ஹெட்லைட் பல்பும் கிட்டத்தட்ட அவ்வளவு இழுக்கும். பம்பின் கனெக்டரைக் கழற்றி அந்தப் பல்பைக் கொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் வயரிங் சரி, மங்கினால் கோளாறு வயரிலோ எர்த்திலோதான். இதை டேங்க் மூடி திறப்பதற்கு முன்பே, காற்றோட்டமான இடத்தில், பல்பைத் தள்ளி வைத்துச் செய்ய வேண்டும். பெட்ரோல் ஆவிக்குப் பக்கத்தில் சூடான பல்ப் வைத்தால் பம்ப் பார்க்க ஆள் இருக்க மாட்டீர்கள். பம்ப் வேகத்தைத் தனி மாட்யூல் கட்டுப்படுத்தும் புது வண்டிகளுக்கு இந்தப் பல்ப் வைத்தியம் ஆகாது.

கரன்ட் சரி என்றால் பெட்ரோல் பைப்பில் பிரஷர் கேஜ். சாதாரண எம்பிஎஃப்ஐ (சிலிண்டருக்குச் சிலிண்டர் இன்ஜெக்டர் பெட்ரோல் தெளிக்கும்) வண்டியில் பெரும்பாலும் 3 முதல் 4 பார். சரியான எண்ணை உங்கள் வண்டியின் மேனுவலில் பாருங்கள். ஐடிலில், அதாவது நின்ற வண்டியில் இன்ஜின் சும்மா ஓடும்போது, மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். சாகப்போகிற பம்ப் ஐடிலில் ஒழுங்காகத்தான் காட்டும். ஏற்றத்தில், பெட்ரோல் நிறையக் கேட்கும்போதுதான் முள் இறங்கும். இன்ஜினை நிறுத்தியதும் பிரஷர் சரசரவென்று விழுந்தால் பெட்ரோல் திரும்பி ஓடாமல் தடுக்கும் பம்பின் செக் வால்வோ இன்ஜெக்டரோ ஒழுகுகிறது. காலையில் மட்டும் நீளமாகச் செல்ஃப் அடிப்பவர்களுக்கு இதுதான். ஸ்கேனரில் பி0087 என்ற எரர் கோடு வந்தாலும் அது "பிரஷர் குறைவு" என்று மட்டும்தான் சொல்கிறது, பம்பை மாற்று என்று சொல்லவில்லை. ஃபில்டர் அடைத்தாலும் அதே கோடுதான்.

பைப்பைக் கழற்றும் முன் பம்ப் ஃப்யூஸை எடுத்துவிட்டு, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் பிரஷர் இறங்கிவிடும். அதன் பிறகு பாட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். சேலத்துக்காரரின் மெக்கானிக் பம்பை வெளியே வைத்து வயரில் தொட்டது தவறு. உலர்ந்த பம்ப், சுற்றிலும் ஆவி, ஒரு பொறி போதும். அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவும் இல்லை. சுமை இல்லாமல், சூடு இல்லாமல் எந்த மோட்டாரும் சுற்றும்.

வலிகாமத்தான்

2022இல் இலங்கையில் பெற்றோல் தட்டுப்பாட்டில் வரிசையில் நின்ற ஆட்களுக்கு இந்தப் பம்ப் கதை விளங்கும். வரிசையில் எஞ்சினை நிப்பாட்டிவிட்டுக் காரைத் தள்ளித் தள்ளிப் போனோம். கியூஆர் கோட் காட்டி அளவாக வாங்கும் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு (வாரத்துக்கு) 20 லீற்றர். அதற்கு முதல், எங்கிருந்தோ கானில் வந்த பெற்றோலையும் ஊற்றினோம். டாங்கி நிறைந்ததை அந்த வருடம் நான் பார்க்கவில்லை.

கராஜில் பாஸ் (மெக்கானிக்) பம்பைத் தூக்கினார். அடியில் ஒரு சல்லடை இருக்கும், வெள்ளையாக இருக்க வேண்டியது. அது தேயிலை வடி மாதிரி மண்ணிறமாகக் கிடந்தது. பிழிந்தார், சேறு வந்தது. "இதுக்குள்ளாலதான் மூச்சு விட்டிருக்குது தம்பி" என்றார். பம்ப் பிழைக்கவில்லை. இப்பவும் முள் கால் டாங்கிக்குக் கீழே இறங்கினால் எனக்குக் கை நடுங்கும்.

மதுரை மீனா

எல்லாம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் வந்த பிறகுதான். எங்கள் தெருவில் எந்த வண்டியைப் பார்த்தாலும் பம்ப் புகார்.

மல்டிமீட்டர் மாமா

தெருவில் எத்தனை பம்பைக் கழற்றிப் பார்த்தீர்கள் அம்மா? இ20க்கு ஏற்றதாகச் செய்யாத பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்கள் கெடலாம், எத்தனால் தண்ணீரை இழுக்கும், அதுவரை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகக் கருகிய கனெக்டருக்கும் எத்தனாலுக்கும் முடிச்சுப் போடாதீர்கள்.

மதுரை மீனா

நான் கனெக்டரைப் பற்றிப் பேசவே இல்லையே சார்.

சேலத்துக்காரன்

மாமா சொன்ன பிறகு அந்த மெக்கானிக்கிடம் போனில் கேட்டேன். பழைய கனெக்டரில் ஒரு பின் கருப்பாக இருந்ததாம், அதையும் சேர்த்தே மாற்றினாராம். அப்படியென்றால் செருப்பு தட்டியது மோட்டாருக்குள் கரன்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷையா, இந்தப் பின்னையா? பழைய கனெக்டரைத் தூக்கிப் போட்டுவிட்டாராம். இனி யாராலும் சொல்ல முடியாது.

கருப்பு ஸ்பேனர்

அது கிடக்கட்டும். அன்றைக்குச் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் ஆடியதா இல்லையா? முதலில் அதைச் சொல்லுங்கள்.

சேலத்துக்காரன்

அண்ணே, என் வண்டி பேஸ் மாடல். ஆர்பிஎம் மீட்டரே கிடையாது.