மே விடுமுறையில் செரெங்கெட்டியும் சான்சிபாரும்: காலம் பொருந்துமா?

கேள்வி: கொங்குவழி

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரிலிருந்து நாங்கள் ஐந்து பேர், அதாவது நானும் மனைவியும், எட்டாம் வகுப்பில் படிக்கும் மகளும், அறுபத்தைந்து வயதைக் கடந்த என் பெற்றோரும், வரும் மே மாதப் பள்ளி விடுமுறையில் ஆப்பிரிக்காவுக்குச் செல்ல எண்ணியிருக்கிறோம். இரண்டு வாரத்துக்குச் சற்றுக் குறைவான விடுப்பு கிடைக்கும். முதலில் வனவிலங்குகள், பிறகு சில நாட்கள் கடற்கரை என்பதே எங்கள் ஆசை.

பயண ஏற்பாட்டாளர் ஒருவர் அனுப்பிய திட்டத்தின்படி கென்யாவின் நைரோபியில் இறங்கி, மசாய் மாராவைப் பார்த்துவிட்டு, சாலை வழியாக எல்லையைக் கடந்து தான்சானியாவின் செரெங்கெட்டி, இங்கோரோங்கோரோ, மன்யாரா, தரங்கிரே ஆகிய வனவிலங்குப் பகுதிகளையும் பார்த்து, கடைசி மூன்று இரவுகளை அந்நாட்டுத் தீவான சான்சிபாரில் கழிக்க வேண்டும். பட்டியலைப் படிக்கும்போது ஆவலாக இருக்கிறது. ஆனால் அம்மாவுக்கு முதுகுவலி உண்டு என்பதால் இத்தனை தூரம் சாலைப் பயணம் சரிவருமா என்ற தயக்கமும் இருக்கிறது. மே மாதம் அங்கே எப்படியிருக்கும், இரண்டு நாடுகளுக்கும் போவது அவசியமா, சான்சிபாரில் எந்தப் பக்கக் கடற்கரை குடும்பத்துக்கு ஏற்றது என்பதை விவரம் அறிந்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.

மறுமொழி: புல்வெளிப்பித்தன்

வணக்கம் ஐயா. பூங்காக்களைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் மாதத்தை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் மற்ற எல்லாமே அதைப் பொறுத்தவை. நம் ஊர்ப் பள்ளிகளின் கோடை விடுமுறை, துரதிர்ஷ்டவசமாக, கிழக்கு ஆப்பிரிக்காவின் நீண்ட மழைக்காலத்தோடு அப்படியே மோதுகிறது. அங்கே 'மசிகா' என்று சொல்லப்படும் அந்த மழை மார்ச் மாதத்தில் தொடங்கி மே வரை நீடிக்கும். மண் சாலைகள் சேறாகி வண்டிகள் புதைவது அப்போது சாதாரணம். ஏப்ரல், மே மாதங்களில் பல கூடார விடுதிகள் மூடியே கிடக்கும். விலங்குகளுக்காக மழையைப் பொறுத்துக்கொள்ளலாம், விலையும் கணிசமாகக் குறையும், புல்வெளி பச்சைப்பசேலென்று இருக்கும். ஆனால் அதே மழைதான் சான்சிபாரிலும் பெய்கிறது, மழையில் கடற்கரை விடுதி அறைக்குள் அடைந்து கிடப்பதற்காக யாரும் அவ்வளவு தூரம் போக மாட்டார்கள்.

அடுத்ததாக, அந்தத் திட்டத்தில் மசாய் மாராவிலிருந்து நேராகச் செரெங்கெட்டிக்குள் நுழையலாம் என்ற எண்ணத்தை யாராவது உங்களுக்கு ஏற்படுத்தியிருந்தால் அதை மறந்துவிடுங்கள். இரண்டும் ஒரே புல்வெளியின் இரு பகுதிகள். மாடு போன்ற தோற்றமுள்ள மான் இனமான வில்டபீஸ்ட் கூட்டங்கள் கடவுச்சீட்டு இல்லாமலேயே ஆற்றைத் தாண்டிப் போய்வருகின்றன. சுற்றுலாப் பயணிகளுக்கு அந்த வழி கிடையாது. இசெபானியா எல்லைச் சாவடி வரை சுற்றிச் சென்று, அங்கே கென்ய வண்டியை விட்டு இறங்கி, தான்சானிய வண்டியில் ஏறியாக வேண்டும். முழுப் பகல் ஒன்று அதிலேயே கரைந்துவிடும். உங்கள் அம்மாவின் முதுகை நினைத்தால், கென்யாவை இந்த முறை விட்டுவிடுவதே நல்லது.

வில்டபீஸ்ட் கூட்டத்தைக் காட்டித்தான் எல்லா ஏற்பாட்டாளர்களும் விற்பனை செய்கிறார்கள் என்பதால் அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பத்து லட்சத்துக்கும் அதிகமான வில்டபீஸ்ட்களும் அவற்றோடு சேர்ந்த வரிக்குதிரைகளும் மழையைத் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமாக நகர்ந்துகொண்டே இருக்கின்றன. ஜனவரி முதல் மார்ச் வரை தெற்கே இண்டுட்டு சமவெளியில் இருக்கும்; குட்டிகள் பெரும்பாலும் பிப்ரவரியில் பிறக்கின்றன. ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கம் வந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றைக் கடக்கும். முதலைகள் காத்திருக்கும் அந்தப் புகழ்பெற்ற காட்சி அப்போது மட்டுமே கிடைக்கும், அதுவும் கரையில் மணிக்கணக்கில் காத்திருந்தால். மே மாதத்துக்கோ டிசம்பருக்கோ முன்பதிவு செய்பவரிடம் யாராவது ஆறு கடக்கும் காட்சியை உறுதியளித்தால், அவரை நம்பிப் பணம் கொடுக்காதீர்கள்.

முடிந்தால் அரையாண்டு விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. டிசம்பர் கடைசியில் குறுகிய மழை ஓய்ந்துவரும், கூட்டங்கள் தெற்கு நோக்கி வந்துகொண்டிருக்கும், சான்சிபாரில் வெயில் காயும். கிறிஸ்துமஸ் வார விலை மட்டும் கையைக் கடிக்கும்.

மறுமொழி: நேட்டால்தமிழ்

மேலே சொல்லப்பட்டவை அனைத்தும் சரியே, ஆனால் விடுமுறையை மாற்ற முடியாத குடும்பங்களும் உண்டு. மே மாதம்தான் என்றால் கிழக்கே போகாமல் தெற்கே வாருங்கள் என்பேன். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு நேட்டாலில் மே மாதம் மழை ஓய்ந்து குளிர்காலம் தொடங்கும் நேரம். செடிகொடிகள் வாடி, விலங்குகள் நீர்நிலைகளை நாடி வருவதால் அவற்றைப் பார்ப்பது எளிது. இந்தியப் பெருங்கடலின் வெதுவெதுப்பு அப்போதும் முழுவதுமாகப் போய்விடாது.

டர்பனிலிருந்து வடக்கே ஏறக்குறைய மூன்று மணி நேரத் தார்ச்சாலைப் பயணத்தில் ஷ்லுஷ்லுவே இம்ஃபொலோசி சரணாலயம் இருக்கிறது. 1895இல் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருக இனம் முற்றிலும் அழியாமல் தப்பியது இங்கேதான். 1960களில் இங்கிருந்து பிடித்து அனுப்பப்பட்ட விலங்குகளின் வழித்தோன்றல்களே இன்று மற்ற பூங்காக்களில் மேய்கின்றன. சொந்தமாக வண்டி எடுத்துச் சுற்றலாம், வேண்டுமானால் வழிகாட்டியோடும் போகலாம். செரெங்கெட்டியின் கண்ணுக்கெட்டாத சமவெளியை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. இது குன்றும் புதரும் நிறைந்த நிலம்.

அங்கிருந்து கடற்கரைக்கு அதிகத் தூரமில்லை. இசிமங்கலிசோ ஈரநிலப் பூங்காவை ஒட்டிய செயின்ட் லூசியா என்னும் சிற்றூரில் தங்கினால், பகலில் படகிலிருந்து நீர்யானைகளையும் முதலைகளையும் பார்க்கலாம். இருட்டிய பிறகு அதே நீர்யானைகள் ஊருக்குள் புல் மேய வருவதால், இரவு உணவுக்குத் தெருவில் நடந்து போக வேண்டாம் என்று விடுதிக்காரர்களே எச்சரிப்பார்கள். கேப் விடால் கடற்கரையில் குளிக்கலாம். டர்பனில் சில நாட்கள் தங்கினால் பெற்றோருக்குச் சாப்பாட்டுக் கவலை இருக்காது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த தமிழர்களின் வழிவந்தோர் ஊர் முழுக்க இருக்கிறார்கள், கோயில்களும் உண்டு. இருட்டிய பின் நகரில் நடந்து திரிவதைத் தவிர்ப்பது நல்லது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுமொழி: கடலோரக்கணக்கு

மருத்துவம் பற்றி இதுவரை யாரும் பேசவில்லை. கென்யா மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாடுகளின் பட்டியலில் இருக்கிறது. அங்கே தங்கிவிட்டு இந்தியா திரும்புபவர்களிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாவிட்டால், ஆறு நாட்கள் வரை தனிமைப்படுத்தும் அதிகாரம் விமான நிலையச் சுகாதார அலுவலர்களுக்கு உண்டு. ஊசி போட்டுப் பத்து நாட்கள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள்.

உங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அறுபது வயதைக் கடந்தவர்கள் முதன்முறையாக இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும்போது, அரிதாகவே என்றாலும் கடுமையான பக்கவிளைவுகள் ஏற்படும் வாய்ப்பு இளையவர்களைவிட அதிகம். எனவே கென்யாவை விடுவதற்கு முதுகுவலியைவிட இது வலுவான காரணம் என்று நான் கருதுகிறேன். விமானம் எந்த நாட்டு வழியாக மாறிச் செல்கிறது என்பதும் முக்கியம். எத்தியோப்பியாவும் அதே பட்டியலில் இருக்கிறது. அடிஸ் அபாபாவில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க நேரும் பயணச்சீட்டு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம். வளைகுடா வழியாகச் சென்றால் இந்தத் தொல்லை இல்லை. சீட்டு வாங்குவதற்கு முன் நடப்பு விதிகளைச் சுகாதார அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்த்துவிட்டு, பெற்றோரின் மருத்துவரையும் கேளுங்கள். மலேரியா மாத்திரை பற்றியும் அவரிடமே கேட்டுவிடலாம்.

சான்சிபார் கடற்கரையில் அலையைவிட ஓதத்தையே, அதாவது கடல்நீர் ஏறி வற்றுவதையே, கவனிக்க வேண்டும். கிழக்குக் கரையில் பஜே, ஜம்பியானி போன்ற ஊர்களில் ஓதம் வற்றும்போது கடல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமாக உள்வாங்கிவிடும். காலையில் அறைக்கு முன்னால் நீலமாக நின்ற நீர் மதியம் காணாமல் போய், வெண்மணல் திட்டுகளில் பெண்கள் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடற்பாசி வளர்ப்பதைப் பார்ப்பீர்கள். பார்க்க அருமையான காட்சிதான், குளிக்கத்தான் முடியாது. நீந்த விரும்பும் மகளுக்காக வடமுனையில் இருக்கும் நுங்வி அல்லது கெண்ட்வாவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே எந்நேரமும் நீர் இருக்கும், கூட்டமும் இருக்கும். ஒரு நாளையாவது சான்சிபாரின் பழைய நகரமான ஸ்டோன் டவுனுக்கு ஒதுக்குங்கள். அடிமைச் சந்தை நடந்த இடத்தில் எழுப்பப்பட்ட ஆங்கிலிக்கத் தேவாலயமும் அதன் அருகிலுள்ள நிலவறைகளும் எட்டாம் வகுப்பு மாணவி அவசியம் பார்க்க வேண்டியவை. மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள் என்பதால் ஊருக்குள் தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்துவது மரியாதை.

கொங்குவழி

மூவருக்கும் மிக்க நன்றி. வீட்டில் பேசி, மே மாதத்தைக் கைவிட்டு டிசம்பர் இறுதியில் தான்சானியா மட்டும் செல்வதென்று முடிவெடுத்திருக்கிறோம். டர்பன் யோசனை மனைவிக்கு மிகவும் பிடித்துவிட்டதால் அது அடுத்த கோடைக்கு. மன்யாரா, தரங்கிரே, இங்கோரோங்கோரோ, செரெங்கெட்டி என்ற நான்கில் எதைக் குறைக்கலாம் என்று புல்வெளிப்பித்தன் ஐயா சொல்ல முடியுமா? அம்மாவுக்குச் சாலைப் பயணத்தைக் குறைக்க வழி உண்டா?

மறுமொழி: புல்வெளிப்பித்தன்

மன்யாராவை விட்டுவிடுங்கள். தரங்கிரே யானைகளுக்கும் பருத்த பெருக்க (பாவோபாப்) மரங்களுக்கும் பெயர் பெற்றது. ஆனால் ஜூன் முதல் அக்டோபர் வரையிலான வறட்சியில்தான் ஆற்றங்கரையில் யானைகள் பெருந்திரளாகக் கூடும், டிசம்பரில் பெரும்பாலானவை கலைந்து போயிருக்கும். வடக்குத் தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம்தான் என்பதால் முதல் நாள் பயணக் களைப்பைத் தீர்த்துக்கொள்ள அங்கே ஓர் இரவு தங்கலாம், தங்காவிட்டாலும் பெரிய இழப்பில்லை.

இங்கோரோங்கோரோவைக் குறைக்கவே கூடாது. எரிமலை உட்குழிந்து உருவான அந்தப் பள்ளம் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழமும் 260 சதுர கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. விலங்குகள் ஆண்டு முழுவதும் உள்ளேயே வாழ்கின்றன. கறுப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்க அதிக வாய்ப்புள்ள இடம் அதுவே. ஒட்டகச்சிவிங்கியை மட்டும் அங்கே தேடாதீர்கள், செங்குத்தான சுவர்களில் அது இறங்குவதில்லை. ஒரு வாகனம் கீழே இறங்குவதற்கு மட்டுமே 250 டாலருக்கு மேல் தனிக் கட்டணம் உண்டு; ஏற்பாட்டாளரின் விலையில் அது சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காலை ஆறு மணிக்குக் கதவு திறந்தவுடன் இறங்கினால், மற்ற வண்டிகள் வந்து குவிவதற்குள் இரண்டு மணி நேரம் நிம்மதியாகச் சுற்றலாம். விளிம்பு 2,300 மீட்டர் உயரத்தில் இருப்பதால் விடியற்காலையில் பெற்றோருக்கு ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும்.

செரெங்கெட்டிக்கு நான்கு இரவுகள் கொடுங்கள். இரண்டை நடுப்பகுதியான செரோனெராவிலும், இரண்டைத் தெற்கே இண்டுட்டுவிலும் வைத்துக்கொள்ளலாம். செரோனெராவில் ஆற்றோர மரங்களில் சிறுத்தை படுத்திருக்கும், பாறைக் குன்றுகளில் சிங்கம் இருக்கும். இண்டுட்டு நிர்வாகப்படி இங்கோரோங்கோரோ பாதுகாப்புப் பகுதியைச் சேர்ந்தது, அங்கே பாதையை விட்டு விலகி வண்டி ஓட்ட அனுமதி உண்டு. செரெங்கெட்டிப் பூங்காவுக்குள் அது குற்றம். வழியில் ஓல்டுவாய் பள்ளத்தாக்கின் அருங்காட்சியகத்தில் ஒரு மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்கள். மேரி லீக்கி 1959இல் ஆதி மனித மண்டையோட்டைக் கண்டெடுத்த இடம் அது.

அம்மாவுக்காகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். போகும்போது மட்டும் சாலையில் போங்கள். இங்கோரோங்கோரோ வாயிலைத் தாண்டினால் தார் முடிந்து மண் பாதை தொடங்கும், அந்தக் குலுக்கலை இரண்டாம் முறையும் அனுபவிக்கத் தேவையில்லை. கடைசி இரண்டு இரவுகளைச் செரோனெராவில் வைத்துக்கொண்டு, அங்குள்ள விமான ஓடுதளத்திலிருந்து சிறு விமானத்தில் சான்சிபாருக்குப் பறந்துவிடலாம். அதில் ஆளுக்குப் பதினைந்து கிலோ மட்டுமே அனுமதி, அதுவும் சக்கரம் வைத்த கடினப் பெட்டியாக இல்லாமல் மடங்கக்கூடிய துணிப்பையாக இருக்க வேண்டும். லேண்ட் குரூசரில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையும் அதற்கு நேர் பின் இருக்கையும்தான் குலுக்கல் குறைந்தவை. கடைசி வரிசையில் பெற்றோரை உட்கார விடாதீர்கள். வண்டி உங்களுக்கு மட்டுமே என்று முன்பதிவிலேயே உறுதிசெய்துகொண்டால், நடுவில் நிறுத்தச் சொல்லி இடுப்பை நிமிர்த்திக்கொள்ள யாரிடமும் தயங்க வேண்டியதில்லை, இறங்க அனுமதியுள்ள இடங்களில் மட்டும்.

பெட்டி கட்டும்போது கடைப் பிளாஸ்டிக் பைகள் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், 2019 முதல் அங்கே தடை. சான்சிபாருக்கு 2024 அக்டோபர் முதல் தனிப் பயணக் காப்பீடு கட்டாயமாக்கப்பட்டிருக்கிறது. பெரியவர்களுக்கு ஆளுக்கு 44 டாலர், நம் ஊரில் எடுத்த காப்பீடு அதற்கு ஈடாகாது. டாலர் தாள்கள் புதியவையாகவும் கிழிசல் இல்லாமலும் இருக்கட்டும், பழைய ஆண்டுத் தாள்களை வாங்க மறுப்பார்கள்.