தாத்தா வீடு குழு: மாருதி 800-க்குப் புதுக் கேம் ஷாஃப்ட்

செவ்வாய்

[காலை 6:52] செல்வி: பாஸ்கர், வண்டி ஓடுமா ஓடாதா? ஞாயிறு நிச்சயதார்த்தத்துக்குச் சுவாமிமலைக்குத் தாத்தா காரில்தான் வருவேன் என்று மீனா நேற்றும் சொன்னாள். டாக்ஸிக்காரருக்கு இன்று பதில் சொல்ல வேண்டும்.

[காலை 6:58] பாஸ்கர்: ஓடும் அக்கா. கேம் ஷாஃப்ட் மட்டும் மாற்ற வேண்டும்.

[காலை 6:58] பாஸ்கர்: படம்

[காலை 7:01] மீனா: இது என்ன மாமா

[காலை 7:03] கோவை அத்தை: காலை வணக்கம். எல்லோரும் சாப்பிட்டீர்களா

[காலை 7:15] பாஸ்கர்: நம் 800-இல் 3 சிலிண்டர், சிலிண்டருக்கு 2 வால்வு. அந்த 6 வால்வையும் முறை வைத்துத் திறப்பது இந்தத் தண்டுதான். தண்டின் மேல் முட்டை வடிவில் மேடுகள் இருக்கின்றன பாருங்கள், அதுதான் லோப். கேம் சுற்றும்போது லோப் ராக்கரைத் தூக்கும், ராக்கர் வால்வை அழுத்தும். படத்தில் 3-ஆவது சிலிண்டரின் லோப் மழுங்கிப் போயிருக்கிறது. வெர்னியரில் அளந்தேன், மற்றதைவிட 1 மி.மீ. குறைவு. அதனால் அந்த வால்வு முழுதாகத் திறப்பதில்லை. மூன்று மாதமாக வண்டி இழுக்காமல் டக் டக் என்று அடித்ததற்கு இதுதான் காரணம். டாப்பெட் இடைவெளியை, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியை, இரண்டு தடவை சரி செய்தும் சத்தம் நிற்காதபோதே நான் கவரைத் திறந்திருக்க வேண்டும்.

[காலை 7:16] அருண்: ஓகே சித்தப்பா

[காலை 7:20] டெப்போ சித்தப்பா: ராக்கரையும் பார். முகம் குழிந்திருக்கும்.

[காலை 7:22] பாஸ்கர்: குழிந்துதான் இருக்கிறது சித்தப்பா.

[காலை 7:23] டெப்போ சித்தப்பா: அப்போ அதையும் மாற்று. பழைய ராக்கர் புதுக் கேமைத் தின்றுவிடும்.

[காலை 7:40] முருகேசன்: மெக்கானிக்கிடம் கொடுத்துவிடு. வீட்டு வாசலில் போட்டுப் பிரிக்க இது சைக்கிளா?

[காலை 7:44] பாஸ்கர்: கேட்டேன் அண்ணா. இன்ஜினையே இறக்க வேண்டும், இரண்டு வாரம் ஆகும் என்றார். இந்த வண்டிக்கு இன்ஜினை இறக்க வேண்டாம், இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைக்கூடக் கழற்ற வேண்டாம். கேம் ஹெட்டுக்குள்ளேயே இருக்கிறது. பிளக்குகளுக்குக் கரண்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கமாக உருவலாம்.

[காலை 7:46] முருகேசன்: அப்பா இருந்தவரை நன்றாகத்தானே ஓடியது.

[காலை 7:51] பாஸ்கர்: அப்பா 5000 கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றி, டைரியில் தேதி எழுதி வைப்பார். டைரி என்னிடம் இருக்கிறது. உங்கள் நண்பரிடம் வண்டி இருந்த இரண்டு வருடமும் ஒரு வரிகூட இல்லை. நேற்று வடித்த ஆயில் தார் போல வந்தது. லோப்பும் ராக்கரும் உரசும் இடத்தில் ஆயில் படலம்தான் காவல், அது போனால் இரும்பு இரும்பைத் தேய்க்கும்.

[காலை 7:53] முருகேசன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[காலை 7:55] முருகேசன்: 2024-இல் ஆர்.சி. புதுப்பிக்கப் பணம் கட்டியது யார்? அதை எந்த டைரியில் எழுதியிருக்கிறாய்?

[காலை 7:56] செல்வி: இரண்டு பேரும் நிறுத்துங்கள். மீனா நிச்சயதார்த்தம் முடியட்டும்.

[காலை 8:10] கோவை அத்தை: மீனாவுக்கு என்ன கலர் புடவை? நான் மாம்பழக் கலர் எடுத்துவிட்டேன், ஒரே கலராகிவிடக் கூடாது

[காலை 8:12] மீனா: அரக்கு அத்தைப்பாட்டி

[காலை 8:13] கோவை அத்தை: அரக்கில் மயில் கழுத்து பார்டரா?

[காலை 8:31] செல்வி: டாக்ஸிக்கு என்ன சொல்ல?

புதன்

[காலை 11:05] அருண்: சித்தப்பா, சென்னை ஜி.பி. ரோட்டில் நிற்கிறேன். கார்புரேட்டர் வண்டியா எம்.பி.எஃப்.ஐ.யா என்று கடையில் கேட்கிறார்கள்

[காலை 11:06] பாஸ்கர்: கார்புரேட்டர். 1994 மாடல். வாங்குமுன் ஒன்றைப் பார். பெட்ரோல் பம்பைத் தட்டுவதற்குத் தனியாக ஒரு லோப் கேமில் இருக்க வேண்டும். நம் வண்டியில் பம்பு ஹெட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதை ஓட்டுவதும் கேம்தான். எம்.பி.எஃப்.ஐ. என்பது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டி, அதில் பம்பு டேங்குக்குள் கரண்டில் ஓடும்.

[காலை 11:14] அருண்: படம்

[காலை 11:14] அருண்: இதுவா

[காலை 11:15] பாஸ்கர்: அதுதான். ராக்கர் 6, கேம் ஆயில் சீல், டைமிங் பெல்ட், டாப்பெட் கவர் பேக்கிங். பெல்ட்டை மறக்காதே.

[காலை 11:20] அருண்: புதுப்பேட்டையில் பழைய கேம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்கிறார் பக்கத்தில் ஒருவர்

[காலை 11:21] டெப்போ சித்தப்பா: வேண்டாம்

[காலை 11:21] பாஸ்கர்: வேண்டாம். அடுத்தவர் தேய்த்ததை நாம் ஏன் வாங்க வேண்டும்.

[காலை 11:34] முருகேசன்: அருண், பில்லை எனக்கு அனுப்பு. இரவு பஸ்ஸில் பார்சல் போட்டுவிடு.

[காலை 11:36] செல்வி: 🙏

[மாலை 5:02] கோவை அத்தை: ஜனசதாப்தியில் டிக்கெட் இல்லையாம். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்

வியாழன்

[பகல் 1:18] பாஸ்கர்: பழைய கேம் வெளியே வந்துவிட்டது. பிறகு யாருக்காவது பயன்படும் என்று எழுதி வைக்கிறேன். முதலில் பாட்டரி மைனஸைக் கழற்றினேன். பிளக் வயர்களில் நம்பர் ஒட்டினேன், ஃபயரிங் வரிசை 1-3-2. ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, டைமிங் கவர் எடுத்தபின், பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்க்கைப் பாக்ஸ் ஸ்பானரால் கையாலேயே சுற்றி, கேம் புல்லியிலும் கிராங்க்கிலும் உள்ள குறிகளை அதனதன் இடத்துக்கு நேராகக் கொண்டுவந்தேன். அதைப் படம் எடுத்துக்கொண்ட பிறகுதான் அந்த இரண்டையும் இணைக்கும் டைமிங் பெல்ட்டில் கை வைத்தேன். டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றுமுன் ரோட்டர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று சுண்ணாம்பால் கோடு போட்டேன். பெட்ரோல் பம்பையும் அதன் ராடையும் எடுத்தாக வேண்டும், இல்லையென்றால் கேம் உருவ வராது. கடைசியாக டாப்பெட் ஸ்குரூக்களைத் தளர்த்தி ராக்கர் தண்டுகளை உருவினேன். வந்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வைத்திருக்கிறேன்.

[பகல் 1:20] மீனா: மாமா சாப்பிட்டீர்களா

[பகல் 1:24] டெப்போ சித்தப்பா: ஹெட்டுக்குள் கேம் உட்காரும் இடம் எப்படி இருக்கிறது?

[பகல் 1:27] பாஸ்கர்: விரலால் தடவிப் பார்த்தேன். கோடு இல்லை, வழவழப்பாக இருக்கிறது. அதுதான் பெரிய நிம்மதி சித்தப்பா. அங்கே பேரிங் கிடையாது, அலுமினியத்திலேயே சுற்றுகிறது. கீறல் விழுந்திருந்தால் ஹெட்டே போயிருக்கும்.

[பகல் 1:29] டெப்போ சித்தப்பா: எங்கள் டெப்போ பஸ்ஸில் கேம் ஹெட்டுக்குக் கீழே, பிளாக்குக்குள் கிடக்கும். புஷ் ராடு, டாப்பெட் எல்லாம் எடுக்க வேண்டும். உனக்கு இது சுலபம். போடும்போது லோப் ஒவ்வொன்றிலும் கையால் ஆயில் தடவு.

[பகல் 1:45] கோவை அத்தை: டிக்கெட்?

[பகல் 1:50] முருகேசன்: அத்தை, பார்க்கிறேன்.

வெள்ளி

[இரவு 9:40] பாஸ்கர்: கேம் உள்ளே போய்விட்டது. சீல் புதிது, பெல்ட் புதிது. ஆனால் ஒரு பல் தள்ளிப்போய்விட்டது.

[இரவு 9:41] செல்வி: அப்படியென்றால்?

[இரவு 9:47] பாஸ்கர்: கிராங்க் 2 சுற்றுக்குக் கேம் 1 சுற்று. அதனால் பெல்ட் போட்டபின் கிராங்க்கைக் கையால் 2 முழுச் சுற்றுச் சுற்றினால் எல்லாக் குறியும் பழைய இடத்துக்கே வர வேண்டும். கேம் புல்லியில் ஒரு பல் முன்னால் வந்து நின்றது. டென்ஷனரை இறுக்கும்போது பெல்ட் நழுவியிருக்கிறது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் வால்வு தவறான நேரத்தில் திறக்கும். சில இன்ஜினில் பிஸ்டன் வந்து வால்வையே வளைத்துவிடும். கழற்றி மறுபடி போடுகிறேன்.

[இரவு 9:48] முருகேசன்: இரவில் வேண்டாம். காலையில் செய்.

[இரவு 9:50] முருகேசன்: நான் காலை 6 மணிக்கு வருகிறேன். கிராங்க்கை நான் பிடித்துக்கொள்கிறேன்.

[இரவு 9:58] பாஸ்கர்: சரி அண்ணா.

[இரவு 10:02] கோவை அத்தை: நாளைக் காலை கிளம்பி பஸ்ஸிலேயே வருகிறேன். சாயங்காலம் ஸ்டாண்டுக்கு யார் வருவீர்கள்? வண்டிதான் இல்லையே

சனி

[காலை 8:35] பாஸ்கர்: இந்தத் தடவை 2 சுற்று, பிறகு இன்னும் 2 சுற்று. குறி அசையவில்லை. அண்ணன் கிராங்க்கைச் சுற்ற, நான் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்து டாப்பெட் சரி செய்தேன். ஒரு சிலிண்டர் முடிந்ததும் 240 டிகிரி சுற்றி அடுத்தது. 1, 3, 2.

[காலை 8:37] டெப்போ சித்தப்பா: உடனே ஸ்டார்ட் செய்யாதே. காயில் வயரை எடுத்துவிட்டு செல்ஃப் அடி. ஆயில் லைட் அணையட்டும்.

[காலை 8:38] பாஸ்கர்: அதைத்தான் செய்கிறோம்.

[காலை 9:06] முருகேசன்: குரல் செய்தி (0:41)

[காலை 9:07] மீனா: மாமா!!! சத்தமே இல்லை

[காலை 9:08] அருண்: அப்பா அழுகிறீர்களா

[காலை 9:10] செல்வி: அப்பா தெருமுனையில் திரும்பும்போது கேட்குமே, அதே சத்தம். இரண்டு தடவை கேட்டேன்.

[காலை 9:15] டெப்போ சித்தப்பா: நல்லது. டைமிங் லைட் வைத்துப் பார். 500 கிலோமீட்டரில் ஆயிலை மாற்று, ஃபில்டரும்.

[காலை 9:17] பாஸ்கர்: டைரியில் எழுதிவிட்டேன் சித்தப்பா. கீழே அண்ணனும் கையெழுத்துப் போட்டார்.

[காலை 9:20] முருகேசன்: நாளை நான் ஓட்டுகிறேன்.

[காலை 9:21] பாஸ்கர்: முதல் நாள் நான் ஓட்டிப் பார்க்கிறேன் அண்ணா. சத்தம் மாறினால் எனக்குத்தான் தெரியும்.

[காலை 9:21] முருகேசன்: திரும்பும்போது நான்.

[காலை 9:24] மீனா: முன் சீட் எனக்கு

[காலை 9:25] செல்வி: பொண்ணு முன் சீட்டிலா? பின்னால் அத்தையோடு உட்கார்.

[காலை 9:33] கோவை அத்தை: நான் பஸ் ஏறிவிட்டேன். ஸ்டாண்டுக்கு அந்தக் காரே வருமா?

[காலை 9:40] செல்வி: டாக்ஸிக்காரர் மறுபடி கூப்பிடுகிறார். வேண்டாம் என்று சொல்லிவிடவா?

[காலை 9:41] பாஸ்கர்: சொல்லிவிடு அக்கா.

[காலை 9:41] முருகேசன்: இரு செல்வி. சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்.