2012 ஏப்ரல் 11: பெங்களூரில் நிலநடுக்கத்தை உணர்ந்தவர்கள் எழுதுங்கள்

மாரத்தஹள்ளியிலிருந்து:
ஏழாவது மாடி அலுவலகம். பகல் இரண்டு மணி தாண்டியிருந்தது. சன்னல் திரையின் கயிறு காற்றில்லாமலேயே ஆடியது; மேசைமேல் பாட்டில் தண்ணீர் இப்படியும் அப்படியும் சாய்ந்தது. தலை சுற்றுகிறதோ என்று பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்தால், அவர் என்னைப் பார்க்கிறார்! படிக்கட்டில் இறங்கி ஓடினோம். வாசலில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவருக்கு எதுவுமே தெரியவில்லை.

ஜாலஹள்ளியிலிருந்து:
தெரிந்திருக்காது. மையம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், சுமத்ராவுக்கு மேற்கே. அவ்வளவு தூரத்தில் வேகமான அதிர்வுகள் தேய்ந்துவிடும். மெதுவான நீண்ட அலைகள்தாம் தப்பி வரும். உயரமான கட்டடங்கள் அவற்றுக்குத்தான் இசைந்து ஆடும். எங்கள் ஓட்டு வீட்டில் ஒரு டம்ளர்கூட அசையவில்லை.

அல்சூரிலிருந்து:
டி.வி.யில் நிலநடுக்க அளவு 8.6 என்று ஓடியதும் நாகப்பட்டினத்தில் இருக்கும் அக்காவுக்குத்தான் போன் போட்டேன். லைன் கிடைத்தபோது, பிள்ளைகளோடு கடலை விட்டு வெகுதூரம் போயிருந்தார். மாலையில் இன்னொன்று, 8.2. அதற்கும் கடல் பொங்கவில்லை.

ஆட்டத்தின் அளவை மட்டும் வைத்துக் கடலைக் கணிக்க முடியாது. 2004 டிசம்பர் 26 அன்று பூமியின் மேலோட்டுப் பாளங்களில் ஒன்றான இந்தியத் தட்டு சுமத்ரா, அந்தமானுக்கு அடியில் நுழையும் இடத்தில், நூற்றாண்டுகளாகச் சிக்கிக் கீழே இழுபட்டிருந்த மேல்தட்டின் விளிம்பு விடுபட்டது. சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குக் கடல்தரை மேலெழுந்து, தன்மேல் நின்ற தண்ணீர் முழுவதையும் தூக்கியது. அந்தத் தண்ணீர் சரிந்து பரவியதுதான் சுனாமி. 2012இல் உடைந்தது அகழிக்கு (தட்டு உள்ளே நுழையும் ஆழ்கடல் பள்ளத்துக்கு) இந்தப் பக்கம், இந்தியத் தட்டின் உள்ளேயே. இரு பக்கமும் கிடையாக உராய்ந்து நழுவின. தண்ணீரைத் தூக்கப் பெரிதாக எதுவுமில்லை. சுமத்ராக் கரையிலேயே ஏறக்குறைய ஒரு மீட்டர்தான் எழுந்தது.

இதற்கு நேர்மாறானதுதான் என்னை அச்சுறுத்துகிறது. 2010 அக்டோபரில் சுமத்ராவை ஒட்டிய மென்தாவாய்த் தீவுகளில் வெறும் 7.8. அகழியை ஒட்டிய ஆழமற்ற பகுதியில், இளகிய வண்டலுக்கு நடுவே, பிளவு நிதானமாக ஓடியது. ஆட்டம் லேசாகத் தெரிந்ததால் பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இந்த வகைக்கு 'சுனாமி நிலநடுக்கம்' என்று 1972இலேயே நிலநடுக்க அறிவியலாளர் கனமோரி பெயர் வைத்துவிட்டார்.

இதையெல்லாம் அக்காவிடம் விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "தட்டு மேலே எழுந்ததா, பக்கவாட்டில் நழுவியதா என்று விசாரித்துவிட்டா தம்பி ஓட முடியும்?" என்றார்.