கைக்குழந்தை ஒரே பக்கம் தலை சாய்க்கிறாள்: உரம் விழுந்ததா, பிசியோதெரபி தேவையா?

பொங்கோல் அம்மா:
மகளுக்கு நாளையோடு 9 வாரம். ஊருக்கு அனுப்பலாம் என்று போனில் படம் தேடினால் எல்லாப் படத்திலும் ஒரே கோலம்: தலை வலது தோள் பக்கம் சாய்ந்திருக்கிறது, முகம் இடப்பக்கம் திரும்பியிருக்கிறது. முதல் மாதப் படத்திலும் அப்படித்தான். குளிப்பாட்டும்போது தடவிப் பார்த்தேன். வலது கழுத்தில் புளியங்கொட்டை அளவு கெட்டியாக ஒரு கட்டி. அன்று இரவு எனக்குத் தூக்கமே இல்லை.

கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்திருக்கும் மாமியார், "உரம் விழுந்திருக்கு, புடவையில போட்டு உருட்டினா சரியாயிடும்" என்கிறார். கழுத்துப் பிசகைத்தான் உரம் என்கிறார். மூன்று பிள்ளை வளர்த்தவர், பேத்தி மேல் உயிரையே வைத்திருக்கிறார். எப்படி மறுப்பது? இந்த வயதில் பிசியோதெரபி செய்வார்களா? வலிக்குமா?

உட்லண்ட்ஸ் தேவி:
தங்கச்சி, முதலில் பயப்படாதே. என் மகனுக்கும் இதே வலது பக்கம்தான். டார்ட்டிகாலிஸ் என்பார்கள். காதுக்குப் பின்னாலிருந்து நெஞ்செலும்பு வரை இறங்கும் தசை ஒரு பக்கம் இறுகிக் குட்டையாகிவிடும். அது தலையைத் தன் பக்கம் இழுக்கும், தாடையை எதிர்ப்பக்கம் திருப்பும். அவனுக்கும் கட்டி இருந்தது, மெல்ல மெல்லக் கரைந்துவிட்டது.

நாங்கள் முதலில் பார்த்த இடத்தில் "வளர வளரத் தானா சரியாகும்" என்று அனுப்பிவிட்டார்கள். நாலரை மாதத்தில்தான் பிசியோவிடம் போனோம். அதற்குள் பின்னந்தலை இடப்பக்கம் தட்டையாகிவிட்டது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. நீ 9 வாரத்திலேயே கவனித்துவிட்டாய், அது பெரிய விஷயம். சீக்கிரம் தொடங்கினால் சீக்கிரம் சரியாகும்.

பிசியோ முதலில் ஒரு துணிப் பொம்மையில் செய்து காட்டினார். வலது தோளை ஒரு கையால் மெல்லப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இடது காது இடது தோளை நோக்கிப் போகும்படி தலையைச் சாய்க்க வேண்டும். அப்புறம் தாடையை வலப்பக்கம் திருப்புவது தனிப் பயிற்சி. டயப்பர் மாற்றும்போதெல்லாம் செய்தோம். முதல் வாரம் அவன் அழுதான், நானும் அழுதேன். ஆனால் பிசியோ உன் கையைப் பிடித்துக் காட்டாமல் நீயாக ஆரம்பிக்காதே.

இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. கட்டில் சுவரோரமாக இருந்தால் தலைமாட்டையும் கால்மாட்டையும் மாற்று. சுவர் அவளுக்கு இடப்பக்கம் வரட்டும், ஆள் நடமாட்டம் வலப்பக்கம் இருக்கட்டும். மடியில் போடும்போது தலையை உன் இடது கையில் வை, உன் முகம் பார்க்க வலப்பக்கம் திரும்புவாள். விழித்திருக்கும்போது, நீ பக்கத்திலேயே இருந்து, பாயில் குப்புறப் போடு. முதலில் ஒன்றிரண்டு நிமிடம் போதும். தூங்கும்போது மட்டும் எப்போதும் மல்லாக்க. தலை உருண்டையாகும் என்று யாராவது கடுகுத் தலையணை கொடுத்தால் வேண்டாம், மூச்சுக்கு ஆபத்து.

தெம்பனிஸ் பிசியோ:
குழந்தைகளோடு வேலை செய்பவள் என்பதால் எழுதுகிறேன். முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். கழுத்தெலும்பாலும் தலை சாயலாம், பார்வைக் கோளாறாலும் சாயலாம். இது தசைதான் என்று உறுதியான பிறகே பயிற்சி. சில குழந்தைகளுக்கு இதோடு இடுப்பு மூட்டும் சரியாகப் பொருந்தாமல் இருக்கும், அதையும் கேளுங்கள். பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் வாங்கினால், குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அரசு மருத்துவமனையில் மானியக் கட்டணம்.

புடவை உருட்டல் கண்டிப்பாகக் கூடாது. 9 வாரத்தில் கழுத்து நிற்காது, அந்தக் குலுக்கல் கழுத்தையும் மூளையையும் பாதிக்கலாம். ஆனால் கழுத்தில்தான் கோளாறு என்று உங்கள் மாமியார் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பகலில் பேத்தியைத் தூக்கி வைத்திருக்கப்போவது அவர்தானே.

பொங்கோல் அம்மா:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டு மாதத் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் படங்களைக் காட்டிக் கடிதம் வாங்கினேன். கழுத்துக்கும் இடுப்புக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். தசைதான், இடுப்பில் குறையில்லை.

அத்தையும் வந்தார். பிசியோ அவர் கையைப் பிள்ளையின் தோளில் வைத்து, எவ்வளவு அழுத்தம் என்று காட்டினார். அத்தைக்கு என்னைவிடப் பதமான கை, பாப்பா அவரிடம் அழுவதே இல்லை. புடவைப் பேச்சு அதோடு நின்றுவிட்டது. தேக்காவில் ஒரு கிலுகிலுப்பை வாங்கி வந்து, எந்நேரமும் பிள்ளையின் வலப்பக்கமே உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று அந்தச் சத்தத்துக்குப் பாப்பாவின் மூக்கு நடுவைத் தாண்டி வலப்பக்கம் வந்ததாம். அத்தை போட்ட கூச்சலில் நான் சமையலறையிலிருந்து ஓடிவந்தேன். அதற்குள் திரும்பிவிட்டாள்.