மீப்பாயி ஈலியம்: ‘மிகைக்கடத்தல்’ வேண்டாம், ‘எதிர்க்காவுகை’ வைப்போம்

வணக்கம். நம் அகராதி வரைவில், மீப்பாயி ஈலியத்தில் (superfluid, பாகுத்தன்மையின்றி ஓடும் மிகக் குளிர்ந்த திரவ ஈலியம்) வெப்பம் செல்லும் விதத்துக்கு ‘மிகைக்கடத்தல்’ என்று பெயர் வைக்கலாம் என்ற உங்கள் முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை. ஈலியம் 2.17 கெல்வினுக்குக் கீழே இறங்கியதும் கொதிப்பு சட்டென்று நின்றுவிடுகிறது, வெப்பம் அவ்வளவு விரைவாகப் பரவுவதால் ஓரிடம் மட்டும் சூடேறிக் குமிழி விட வழியில்லை, அதைப் பார்த்தால் செம்பைத் தோற்கடிக்கும் கடத்தி என்றுதான் தோன்றும். ஆனால் அங்கே நடப்பது கடத்தலே இல்லை.

இயற்பியலாளர்கள் டிசா 1938இலும் லாண்டாவ் 1941இலும் முன்வைத்த இரு-பாயி மாதிரி, இந்தத் திரவத்தைச் சாதாரணக் கூறு, மீப்பாயிக் கூறு என்ற இரண்டின் கலவையாகப் பார்க்கிறது. அதில் எந்திரப்பி (entropy) முழுவதையும், அதாவது வெப்பத்தை, சுமப்பது சாதாரணக் கூறு. அது சூடாக்கியை விட்டு வெளியே ஓட, அதே அளவு திணிவு மீப்பாயிக் கூறாக எதிர்த்திசையில் சூடாக்கிக்கு வந்து சேர்கிறது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகைக்கு) போகும் பாதையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்: நிறைந்த பையோடு இறங்குகிறவர்களும் வெறும் பையோடு மலைக்கு ஏறுகிறவர்களும் ஒரே பாதையில்தான், ஆள் கணக்கு அப்படியே இருக்க, சுமை மட்டும் ஒரு பக்கம் போய்ச் சேர்கிறது.

ஆகவே ‘எதிர்க்காவுகை’. நம் இலங்கைப் பாடநூலில் மேற்காவுகை (convection) ஏற்கெனவே உண்டு, ஹட்டனிலோ பண்டாரவளையிலோ உயர்தரம் படிக்கும் பிள்ளைக்குக் ‘காவுதல்’ என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ‘மேல்’ மட்டும் இங்கே பொருந்தாது, ஏனென்றால் இந்த ஓட்டத்துக்கு ஈர்ப்பு தேவையில்லை, கிடையான குழாயிலும் நடக்கும். மீப்பாயியா மீப்பாய்மமா என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை, சென்னை நண்பர்கள் பாய்மம் என்றே எழுதட்டும்.

சரி, இதே திரவத்தில் எழும் கொந்தளிப்புக்கு (quantum turbulence) வருவோம். ‘சொட்டுக் கொந்தளிப்பு’ வேண்டவே வேண்டாம். குவாண்டத்தைச் சத்திச்சொட்டு என்று படித்த தலைமுறைக்கு அது புரியலாம், ஆனால் திரவத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் சொட்டு என்றால் பிள்ளைகள் துளி என்றுதான் எடுப்பார்கள். ‘குவாண்டம் கொந்தளிப்பு’ என்றே விடுவோம். அதற்குள் இருக்கும் பொருளுக்குத்தான் நல்ல தமிழ் வேண்டும். வெப்ப ஓட்டம் ஓர் அளவைத் தாண்டினால் மீப்பாயிக் கூறில் மெல்லிய சுழிக்கோடுகள் உண்டாகி ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. ஒவ்வொரு கோட்டின் நடு அகடும் (core) ஓர் அணுவின் அளவுதான், ஒவ்வொன்றின் சுற்றோட்டமும் (circulation) பிளாங்க் மாறிலியை ஈலிய அணுவின் திணிவால் வகுத்த அதே பெறுமானம், கூடவோ குறையவோ முடியாது. ஃபைன்மன் 1955இல் கற்பனையில் வரைந்த இந்தப் பின்னலை வினென் 1957இல் சோதனைகளால் உறுதிப்படுத்தினார். நான் இதைச் ‘சுழிச்சிக்கல்’ என்பேன், நூல் சிக்கலைப் பிரித்த எவருக்கும் உருவம் கண்முன் வரும்.

இந்தச் சிக்கல்தான் இரு கூறுகளையும் ஒன்றோடொன்று உராய வைக்கிறது. கோர்ட்டரும் மெல்லிங்கும் 1949இல் விவரித்த உராய்வு அது. அதனால் வெப்பநிலைச் சரிவு (gradient), வெப்ப ஓட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப ஏறுகிறது, ஓட்டத்தை இரட்டித்தால் சரிவு எட்டு மடங்கு. ஜெனீவாவில் 1.9 கெல்வினில் குளிரூட்டப்படும் துகள் முடுக்கிக் காந்தங்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. இதற்குப் ‘பரஸ்பர உராய்வு’ என்று எழுதியிருக்கிறீர்கள், ‘கூறிடை உராய்வு’ என்றால் எது எதோடு உராய்கிறது என்பது பெயரிலேயே தெரியும். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் மூன்றையும் அகராதி வரைவில் சேர்த்துவிடுகிறேன்.