திருமணப் பரிசுப் பட்டியல்: ஒரே கடையிலா, நான்கு கடைகளிலா?

எடிசன்வாசி:
எங்கள் மகளின் திருமணம் வரும் வைகாசியில் நியூ ஜெர்சியில் நடக்க இருக்கிறது. மணமக்கள் இருவரும் டார்கெட், கிரேட் அண்ட் பேரல், அமேசான் ஆகிய மூன்று கடைகளில், தங்களுக்கு வேண்டிய பொருள்களைக் குறித்துவைக்கும் ரிஜிஸ்ட்ரி எனப்படும் பரிசுப் பட்டியலைப் பதிந்துவிட்டு, நான்காவதாக வில்லியம்ஸ் சொனோமாவையும் சேர்க்கப் பார்க்கிறார்கள். பட்டியல் வைப்பதை நான் எதிர்க்கவில்லை; இந்த நாட்டில் அலுவலக நண்பர்கள் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டுதான் கடைக்கே போகிறார்கள். ஆனால் நாங்கள் அழைக்கும் 350 பேரில் நம்மவர்கள் பெரும்பாலும் உறையில் 101 டாலர் வைத்து ஆசி கூறிவிட்டுப் போகிறவர்கள். பட்டியலைத் திறந்து பார்த்து வாங்கக்கூடியவர்கள் 40 பேர் தேறினால் பெரிது. 40 பேருக்கு நான்கு கடைகள் எதற்கு? ஒரே கடையில் வைத்தால் யார் எதை வாங்கினார் என்பது ஒரே இடத்தில் தெரியும். நன்றிக் கடிதம் எழுதவும் வசதி. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் காரணத்தோடு சொன்னால் நன்றாக இருக்கும்.

டாலஸ் புதுமணத்தாள்:
ஐயா, எனக்குத் திருமணமாகி இன்னும் ஓராண்டுகூட ஆகாததால் இந்தக் கணக்கெல்லாம் நினைவில் இருக்கிறது. கடைகளின் எண்ணிக்கையை வாங்குபவர்களின் எண்ணிக்கையோடு வைத்துப் பார்க்கக் கூடாது என்பது என் எண்ணம். உங்கள் 40 பேரில் ஒருவர் 25 டாலரோடு நிறுத்திக்கொள்ள விரும்பும் பயிற்சிப் பணியாளராக இருப்பார். இன்னொருவர் 200 டாலருக்குக் குறைந்து கொடுத்தால் கௌரவக் குறைவு என்று நினைக்கும் மேலாளராக இருப்பார். விலை கூடிய கிரேட் அண்ட் பேரலை மட்டும் வைத்தால் முதலாமவர் சங்கடப்படுவார். மலிவான டார்கெட்டை மட்டும் வைத்தால் இரண்டாமவர் பட்டியலைப் புறக்கணித்துவிட்டுத் தமக்குத் தோன்றிய ஒரு கண்ணாடிப் பூச்சாடியை வாங்கிவருவார். இணையத்தில் வாங்கப் பழகாத பெரியவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்கு வண்டியோட்டிச் சென்று பட்டியலை அச்சிட்டு வாங்குவதையே விரும்புகிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கணக்குப்பிள்ளை:
மேலே தங்கை சொன்னது விலையைப் பொறுத்தவரை சரி. நிர்வாகம் என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு கடையின் பட்டியலுக்கு இன்னொரு கடையில் என்ன விற்றது என்பது தெரியாது. ஒரே வகையான குக்கரையோ போர்வையையோ இரண்டு இடங்களிலும் பதிந்துவைத்தால் இரண்டுமே வந்து சேரும். திருப்பிக் கொடுக்கப் போனால் ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு விதி. டார்கெட் தன் பட்டியலில் வாங்கிய பொருள்களுக்கு ஓராண்டு வரை அவகாசம் தருகிறது. மற்றவை எல்லாம் அவ்வளவு தாராளமாக இருப்பதில்லை. பரிசாக வந்த பொருளைத் திருப்பினால் பெரும்பாலும் பணம் கைக்கு வராது, அந்தக் கடையிலேயே செலவழிக்க வேண்டிய வரவுதான் கிடைக்கும். நான்கு கடைகளில் 38 டாலரும் 22 டாலருமாகச் சிதறிக் கிடக்கும் வரவுகளைக் கொண்டு ஒரு நல்ல வாணலிகூட வாங்க முடியாது. எங்கள் உறவினர் வீட்டுப் பிள்ளைகள் இப்படிச் சேர்ந்த வரவு அட்டைகளை இன்றும் ஒரு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார்கள்.

திருமணத்துக்குப் பிறகு, பட்டியலில் எஞ்சிய பொருள்களை மணமக்களே வாங்கிக்கொள்ளக் கடைகள் 10 முதல் 20 விழுக்காடு வரை தள்ளுபடி தருகின்றன. கடைகளைக் கூட்டினால் இந்தத் தள்ளுபடி குறையும் என்று சிலர் சொல்வது தவறு. அது பொருளின் விலைமீது கணக்கிடப்படுவது என்பதால் ஒரு கடையானாலும் மூன்றானாலும் விழுக்காடு அதேதான். ஆனால் சில கடைகளில் அது ஒரே ஒருமுறை, ஒரே ஆர்டருக்கு மட்டும் செல்லுபடியாகும். சில பிராண்டுகளுக்குப் பொருந்தவே பொருந்தாது. கெடுவும் கடைக்குக் கடை மாறும். புதிதாகக் குடித்தனம் தொடங்கும் இருவர் நான்கு நாட்காட்டிகளைக் கண்காணித்துக்கொண்டிருப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவராது.

டாலஸ் புதுமணத்தாள்:
இரண்டு இடங்களில் ஒரே பொருளைப் பதிந்தது பதிந்தவரின் கவனக்குறைவு. அதற்குக் கடைகளின் எண்ணிக்கை பொறுப்பாகாது. படுக்கை விரிப்பு, துண்டு, குளியலறைச் சாமான்கள் ஒரு கடை. தட்டு, கோப்பை, பரிமாறும் கலங்கள் இன்னொரு கடை என்று அறைவாரியாகப் பிரித்துவிட்டால் இரட்டிப்புக்கு இடமே இல்லை.

ஒரே கடையை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்தை 2023-இல் நாடே பார்த்தது. எத்தனையோ மணமக்கள் பட்டியல் பதிந்திருந்த பெட் பாத் அண்ட் பியாண்ட் என்ற வீட்டுச் சாமான் கடை அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று திவால் மனு கொடுத்தது. சில நாட்களிலேயே புகழ்பெற்ற அதன் நீலத் தள்ளுபடிக் கூப்பன்கள் செல்லாதவையாயின. கிஃப்ட் கார்டுகளை மே 8 வரைதான் ஏற்றுக்கொண்டார்கள். கனடாவில் 1670-இல் தொடங்கிய ஹட்சன்ஸ் பே நிறுவனத்துக்கும் இதே கதிதான். 2025 மார்ச்சில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது, ஜூன் முதல் நாளோடு கடைகள் அத்தனையும் மூடப்பட்டன. கோடைத் திருமணத்துக்கு அங்கே மட்டும் பட்டியல் வைத்திருந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை:
அந்த உதாரணம் என் பக்கத்துக்கும் வலு சேர்க்கிறது. கிஃப்ட் கார்டு குறைந்தது ஐந்தாண்டுகளுக்குக் காலாவதியாகக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கூட்டரசுச் சட்டம் சொல்கிறது. ஆனால் கடையே திவாலாகிவிட்டால் அட்டை வைத்திருப்பவர் அடமானம் ஏதும் இல்லாமல் கடன் கொடுத்தவர்களின் வரிசையில்தான் நிற்க வேண்டும். அந்தச் சட்டம் அங்கே காப்பாற்றாது. ஆகவே எத்தனை கடைகளில் வரவையும் அட்டையையும் தேங்கவிடுகிறோமோ அத்தனை கடைகளின் நலத்தையும் சேர்த்துக் கவனித்தாக வேண்டும். ஒன்றே ஒன்றானால் செய்தி வந்த அன்றே ஓடிப்போய்ச் செலவழித்துவிடலாம்.

சாத்தூர்க்காரர்:
ஊரிலிருந்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எனக்கு இது ஒரு கடையா நான்கு கடையா என்ற கேள்வியாகவே படவில்லை. விருந்தினர் இன்னதைத்தான் வாங்கித்தர வேண்டும் என்று விலையோடு எழுதிக் கொடுப்பது எந்த ஊர் மரியாதை? நம் பக்கத்தில் மொய் எழுதும் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கூட இவ்வளவு கொடு என்று கேட்பதில்லை. வந்தவர் 501 கொடுத்தாலும் 101 கொடுத்தாலும் நோட்டில் பெயரும் ஊரும் எழுதித் தாம்பூலப் பை கொடுத்து அனுப்புகிறோம். இதிலும் நான்கு கடைகளில் பட்டியல் என்பது நான்கு வீட்டு வாசலில் நின்று கேட்பது போலத்தான்.

சிகாகோ சித்தப்பா:
சாத்தூர் அண்ணாச்சி, கோபம் வேண்டாம். மொய்யில் தொகை கேட்பதில்லை என்பது உண்மை. ஆனால் அந்த நோட்டு எதற்காகப் பத்திரப்படுத்தப்படுகிறது என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அவர் வீட்டு விசேஷத்துக்கு நாம் போகும்போது நோட்டைப் புரட்டிப் பார்த்து, அதைவிடக் கொஞ்சம் கூட்டியே எழுதுகிறோம். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் ஆடி மாதத்தில் மொய் விருந்து என்றே தனியாக நடத்தி, கைமாற்றுப் போல வரவு செலவு பார்க்கிறார்கள். இந்த நாட்டுப் பட்டியலில் அப்படித் திருப்பிச் செய்யும் கடப்பாடு கிடையாது. இந்த ஊர் மார்ஷல் ஃபீல்ட்ஸ் கடையில்தான் 1924-இல் இது தொடங்கியதாகச் சொல்வார்கள். மணப்பெண் எந்த வகைப் பீங்கான், எந்த வகை வெள்ளிக் கரண்டி என்று கடையில் சொல்லிவைப்பாள்; விருந்தினர் அதற்குப் பொருந்தும் ஒரு தட்டையோ கோப்பையையோ வாங்குவார். 1993-இல் டார்கெட் கணினி வழியே தாமே பதிந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் வெள்ளிக் கரண்டி போய், வண்டி நிறைய வீட்டுச் சாமான் என்றானது. பட்டியலை அழைப்பிதழில் அச்சிடக் கூடாது, கேட்பவருக்குச் சொல்லலாம் அல்லது திருமண வலைப்பக்கத்தில் வைக்கலாம் என்ற கட்டுப்பாடு இங்கே இன்றும் உண்டு. பார்க்கப்போனால், பெட்டிப் பரிசுகளைத் தவிர்க்கவும் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுப் பணத்தை மறைமுகமாகக் கேட்பவர்கள் நம்மவர்கள்தான்.

எடிசன் நண்பருக்கு ஒரு யோசனை. எல்லாக் கடைப் பொருள்களையும் ஒரே பக்கத்தில் சேர்க்கும் பொதுப் பட்டியல்கள் இப்போது இருக்கின்றன. 2013-இல் தொடங்கிய ஸோலா அவற்றில் ஒன்று. நம் வீட்டுக்கு வேண்டிய 110 வோல்ட் ப்ரீத்தி மிக்ஸியும் மேசைக் கிரைண்டரும் இட்லிக் கொப்பரையும் கிரேட் அண்ட் பேரலில் கிடைக்காது. பொதுப் பட்டியலில் அவற்றையும் தட்டு, கரண்டிகளோடு சேர்த்துவிடலாம். நாளை ஊரோடு திரும்பிவிடும் எண்ணம் பிள்ளைகளுக்கு இருந்தால் மின்சாமான்களை எங்குமே பதிய வேண்டாம். இங்கத்திய 120 வோல்ட் மாவு பிசையும் இயந்திரம் அங்கே 230 வோல்டில் ஒரு நிமிடம் தாங்காது.

கணக்குப்பிள்ளை:
பொதுப் பட்டியலை நானும் பரிந்துரைப்பேன், ஒரு எச்சரிக்கையோடு. அந்தத் தளமே விற்கும் பொருள் என்றால் விற்றதும் தானாகக் குறிக்கப்படும். வெளிக்கடைப் பொருள் என்றால் விருந்தினர் அந்தக் கடைக்குப் போய் வாங்கிவிட்டு, மறுபடியும் பட்டியலுக்கு வந்து வாங்கியாயிற்று என்று தாமே குறிக்க வேண்டும். எத்தனை பேர் அதற்காகத் திரும்பி வருவார்கள்? நான் பார்த்த ஒரு திருமணத்தில் ஒரே இரும்புத் தோசைக்கல் மூவரிடமிருந்து வந்தது. பணமாகத் தர விரும்புபவர்களுக்காக அங்கே வைக்கப்படும் தேனிலவு நிதி, வீட்டு நிதி போன்றவற்றில் கடன் அட்டைக் கட்டணமாக 2 முதல் 3 விழுக்காடு வரை கழிந்துவிடுவதும் உண்டு. உறையில் கொடுக்கும் 101 டாலரில் யாரும் எதையும் கழிப்பதில்லை.

டாலஸ் புதுமணத்தாள்:
அப்படியானால் ஒரே கடை என்ற உங்கள் பழைய நிலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு, அண்ணா? வெளிக்கடைப் பொருள் கூடாது, பல கடைகளும் கூடாது என்றால் மிஞ்சுவது ஒரு பெரிய கடையின் அலமாரியில் எது இருக்கிறதோ அதுதான். எங்கள் வீட்டில் தினமும் ஓடுவது கிரைண்டர். பத்துப் பேருக்கான பீங்கான் விருந்துத் தட்டுகள் பெட்டியைவிட்டு இன்னும் வெளியே வரவில்லை. அவற்றைப் பதிந்ததற்கு ஒரே காரணம், அந்தக் கடையில் வேறு எதுவும் எங்களுக்குத் தேவைப்படாததுதான்.

கணக்குப்பிள்ளை:
தேவைப்படாத கடையில் பட்டியல் வைத்தது ஏன் என்பதுதான் என் கேள்வியும். கிரைண்டர் போன்ற இரண்டு மூன்று பொருள்களை நெருங்கிய உறவினரிடம் நேரில் சொல்லிவிடலாம். தாய்மாமனிடம் கிரைண்டர் கேட்கப் பட்டியல் வேண்டுமா?

எடிசன்வாசி:
எல்லாருடைய பதில்களையும் மகளிடம் படித்துக் காட்டினேன். வில்லியம்ஸ் சொனோமா வேண்டாம் என்று அவளே விட்டுவிட்டாள். டார்கெட்டை விட மறுக்கிறாள். அலுவலகத் தோழிகள் திருமணத்துக்கு முன் அவளுக்கு நடத்தும் பிரைடல் ஷவருக்கு அங்கேதான் வாங்கப்போவதாக ஏற்கெனவே சொல்லிவிட்டார்களாம். தட்டு, கோப்பைகள் கிரேட் அண்ட் பேரலில் இருக்கும். அமேசான் பட்டியலில் சமையலறைச் சாமான்கள் மட்டும் என்று அறைவாரியாகப் பிரித்திருக்கிறார்கள். நான் இன்னும் இரண்டு போதும் என்ற நிலையில்தான் இருக்கிறேன்.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. திருமணம் முடிந்த இரண்டாம் வாரத்தில் அவர்கள் வீடு மாறுகிறார்கள். மூன்று பட்டியல்களிலும் எந்த முகவரியைக் கொடுப்பது?

சிகாகோ சித்தப்பா:
உங்கள் வீட்டு முகவரியைக் கொடுங்கள். பெட்டிகள் வாசலில் கிடக்காமல் எடுத்து வைக்க வீட்டில் ஆள் இருக்கும். ஒவ்வொரு பெட்டியிலும் அனுப்பியவர் பெயர்ச் சீட்டு இருக்கும். அட்டைப் பெட்டியை வீசுவதற்கு முன் அதை எடுத்து ஒரு நோட்டில் ஒட்டிவையுங்கள்.