விழிஞ்ஞத்துக் கப்பல்களைப் பென்சிலில் வரைதல்: கப்பல் நீரில் அமர என்ன செய்யலாம்?

கேள்வி (களியக்காவிளையிலிருந்து)
வணக்கம். விழிஞ்ஞம் கடற்கரையில் அமர்ந்து, துறைமுகத்துக்கு வரும் கண்டெய்னர் கப்பல்களைப் பென்சிலில் வரைந்து பழகுகிறேன். பெட்டி அடுக்குகள் ஓரளவு சரியாக வந்துவிடுகின்றன. ஆனால் கப்பல் தண்ணீரில் அமராமல் அந்தரத்தில் நிற்பதாகவே தெரிகிறது. குன்றின்மேல் எடுத்த ஒளிப்படங்களைப் பார்த்து வரைந்தாலும் அதே குறைதான். கடல் ஓவியத்தில் தேர்ந்தவர்கள் இதை எவ்வாறு கையாண்டார்கள்?

மறுமொழி 1 (பாறசாலையிலிருந்து)
நண்பரே, அடிவானக் கோட்டை எங்கே வைக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள். அது எப்போதும் வரைபவரின் கண் மட்டத்தில் இருப்பதால், மணலில் நின்று பார்க்கையில் கரைக்கு அருகிலுள்ள கப்பலை நீர்க்கோட்டுக்கு (கப்பலுடல் நீரைத் தொடும் கோடு) சற்று மேலேயே கடக்கும்; குன்றில் ஏறினால் அந்தக் கோடும் உங்களோடு ஏறும். குன்றின் ஒளிப்படத்திலிருந்து கப்பலையும் மணலின் நினைவிலிருந்து அடிவானத்தையும் எடுத்தால் இரண்டும் ஒருநாளும் பொருந்தா. மணலிலிருந்து வரையும்போது, கப்பல் உங்களுக்குச் சாய்கோணத்தில் திரும்பி நின்றால் மேல்தளத்தின் விளிம்பு தொலைவை நோக்கி நன்றாகச் சரியும். நீர்க்கோடு ஏறக்குறையக் கிடையாகவே செல்லும்.

மறுமொழி 2 (திருவனந்தபுரத்திலிருந்து)
முன்னோடிகளைக் கேட்டிருந்தீர்கள். டச்சு ஓவியர் மூத்த வில்லெம் வான் டி வெல்டேயின் கோட்டோவியங்களை அவசியம் பாருங்கள். 1666-ல் ஆங்கிலேய, டச்சுக் கடற்படைகள் நான்கு நாள் மோதிக்கொண்டபோது, அவர் சிறு மரக்கலத்தில் உடன்சென்று கண்டதை அங்கேயே தாளில் பதிந்தார். பின்னர் இங்கிலாந்தில் குடியேறிய அவருக்குக் கடற்போர்களைக் கோட்டோவியமாக வரையவும், அதே பெயருடைய அவருடைய மகனுக்கு அவற்றை வண்ணத்தில் தீட்டவும், ஆண்டுக்குத் தலா 100 பவுண்டு வழங்க 1674-ல் மன்னர் இரண்டாம் சார்லஸ் ஆணையிட்டார். கோட்டுக்கும் வண்ணத்துக்கும் ஒரே ஊதியம் என்பது எனக்கு மிகுந்த நிறைவளிக்கும் செய்தி. பென்சில் படத்தை வெறும் முன்தயாரிப்பாகக் கருதுவது நியாயமன்று. கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் இவர்கள் வரைந்த படங்களைக் காணலாம். கப்பலுடலை நுணுக்கமாக வரைந்துவிட்டு, நீரைச் சில கிடைக்கோடுகளோடு நிறுத்தியிருப்பதைக் கவனியுங்கள்.

மறுமொழி 3 (குளச்சலிலிருந்து)
கப்பலின் பாரத்தையும் பாருங்கள். சரக்கு குறைந்த கப்பல் உயர்ந்து மிதப்பதால், அடியில் பூசிய சிவப்பு வண்ணம் பட்டையாகத் தெரியும்; பாரம் ஏறியதும் அது நீருக்குள் மறைந்துவிடும். அந்தப் பட்டையின் கீழ்விளிம்பை முழுநீளமும் ஒரே அழுத்தத்தில் இழுக்காமல், அணியத்தில் (கப்பலின் முன்முனையில்) நுரை எழும் இடத்தில் கோட்டை விட்டுவிடுங்கள். நிழலை உடலோடு நிறுத்தாமல் நீரின்மீதும் சற்றுத் தொடருங்கள். எச்பி பென்சிலில் உருவத்தை அமைத்த பிறகு, அதைவிடக் கருமையான 4பி பென்சிலைக் கப்பல் நீரைத் தொடும் இந்த ஓர் இடத்துக்கு மட்டும் எடுத்தால் போதும்.